ஐம்பத்தொன்பது மணி நேர வாயு

9 ஏப்ரல் 2020, வியாழன்

ஊரடங்கின் பதினாறாம் நாள். காலை ஐந்தரைக்கு எழுந்து பால் வாங்கி, பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தேன். ஐந்து மில்லி குறைவு. பூத்காரரிடம் சொன்னால், "சாமி, உலகமே அழியுது, நீங்க அஞ்சு மில்லிக்கு வந்துட்டீங்க" என்கிறார். முப்பத்தொரு வருடம் எடையளவு முத்திரை ஆய்வாளராக இருந்தவனிடம் பேசுகிற பேச்சா இது? ஈரோட்டுக் கடைவீதியில் சென்னியப்பன் வருகிறான் என்றால் படிக்கற்கள் தாமாகவே எடை கூடும் என்பார்கள்.

வாசலில் வாட்ச்மேன் பொன்னுரங்கத்துக்குக் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறோம். எல்லோருக்கும் தொண்ணூற்று நான்கு காட்டுகிறது. இளநீர்க் குலையின் பக்கம் காட்டினேன். அதற்கும் தொண்ணூற்று நான்கு. பணியில் இருந்திருந்தால் அங்கேயே முடக்கியிருப்பேன். ஆனாலும் குடியிருப்பவர்களுக்கு ஒரு தைரியம் இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

12 ஏப்ரல், ஞாயிறு

எங்கள் அடுக்குமாடியில் பதினெட்டு வீடுகள். ஆறு வருடமாக நான்தான் செக்ரட்டரி. இன்று வாட்ஸப் குழுவில் ஓட்டெடுத்து ஏழாம் விதியை நிறைவேற்றினேன்.

விதி 7: நோயாளியாகவோ, துணைக்கோ, பார்வையாளராகவோ எந்தக் காரணத்துக்காக ஆஸ்பத்திரிக்குள் காலெடுத்து வைத்தாலும், அவர் அடுத்த பதினான்கு நாட்களுக்கு இந்த வளாகத்துக்குள் வரக் கூடாது.

இரண்டாவது மாடி நாச்சிமுத்து, "பதினாலு பத்தாதுங்க செக்ரட்டரி, இருபத்தொண்ணு போடுங்க" என்று நின்றார். மஞ்சள் மண்டிக்காரர். முன்னொரு காலத்தில் அவருடைய தராசை நான் முடக்கியிருக்கிறேன். அதிலிருந்து நான் எது சொன்னாலும் அவர் அதைவிட ஏழு கூடுதலாகச் சொல்வார். பேசிப் பதினான்குக்குக் கொண்டுவந்தேன்.

நான்காவது மாடியில் தனியாக இருக்கும் ஜெசிந்தா ஆஸ்பத்திரி நர்ஸ். அவரைக் காலி செய்யச் சொல்லலாம் என்று பலரும் சொன்னார்கள். போலீஸ் ஸ்டேஷனில் கேட்டதில் அது தப்பு என்றார்கள். எனவே 7(அ): மருத்துவப் பணியாளர் இங்கே வசிக்கலாம், லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. எழுபத்திரண்டு படிகள். எண்ணிப் பார்த்தேன். உடம்புக்கு நல்லதுதான்.

14 ஏப்ரல், செவ்வாய்

சித்திரைக்கனி. ருக்குமணி மாங்காய்ப் பச்சடி, பருப்பு வடை, உருளைக்கிழங்கு, அவரைக்காய் என்று ஒன்றும் விடவில்லை. ஓசூரிலிருந்து மகள் வெண்ணிலா வீடியோவில் வந்தாள். இ-பாஸ் கிடைக்கவில்லை என்று அழுதாள். ஊரடங்கை மே மூன்று வரை நீட்டிவிட்டார்கள்.

வடை ஐந்து.

16 ஏப்ரல், வியாழன்

காலை 6.10. பாலைக் கழுவிக்கொண்டிருந்தபோது நெஞ்சின் நடுவே ஒரு பிடி. வாயு. செவ்வாய்க்கிழமை உருளைக்கிழங்கு இப்போதுதான் கணக்குக் கேட்கிறது.

6.40. ஓமத் தண்ணீர் குடித்தேன். ஏப்பம் ஒன்று. நல்ல அறிகுறி.

7.15. வேர்த்துக் கொட்டி பனியன் நனைந்துவிட்டது. ஈரோட்டில் சித்திரையில் வேர்க்காமல் என்ன செய்யும்?

9.00. இடது கை கனக்கிறது. நேற்று மாலை பொன்னுரங்கம் சாப்பிடப் போனபோது துப்பாக்கியை அரைமணி நேரம் நான் பிடித்திருந்தேன். அதுதான் காரணம். (பிடித்தது வலது கையில். ஆனாலும்.)

ருக்குமணி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, மூஞ்சி ஏனுங்க இப்படி வெளுத்துக் கிடக்குது? ஒரெட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துரலாமுங்க."

"வாயுவுக்கு எவனாவது ஆஸ்பத்திரி போவானா?"

"வாயுன்னு ஆருங்க சொன்னது?"

"நான் சொல்றேன்."

"நீங்க தராசுக்குத்தானுங்க டாக்டரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏழாம் விதியை எழுதிய மை காயவில்லை. நான்கு நாளில் செக்ரட்டரியே ஆஸ்பத்திரிக்குப் போனால் நாச்சிமுத்து சும்மா இருப்பாரா? போனால் பதினான்கு நாள் எங்கே தங்குவது? லாட்ஜ் எல்லாம் மூடிக் கிடக்கிறது. அதுவும் போக, ஆஸ்பத்திரியில் இப்போது எதற்குப் போனாலும் கொரோனாவோடுதான் திரும்புவார்கள். வாசலில் தகரம் அடிப்பார்கள். டிவியில் வீட்டைக் காட்டுவார்கள். இவ்வளவையும் சொன்னேன். அவள் பெருங்காயத்தைச் சுட்டு மோரில் கரைத்துக் கொண்டுவந்தாள்.

மாலை வெண்ணிலா அழைத்தாள். போனை மேலே தூக்கி நெற்றியை மட்டும் காட்டிப் பேசினேன். "அப்பா, ஃபேன்தான் தெரியுது" என்றாள். நெட் சரியில்லை என்றேன்.

17 ஏப்ரல், வெள்ளி

இரவு தூக்கம் இல்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் பரவாயில்லை. வாயு மேலேறும் குணம் உடையது.

ருக்குமணி பிரஷர் பார்க்கும் மிஷினைக் கொண்டுவந்து கையில் கட்டினாள். முதல் தடவை ஒரு கணக்கு, இரண்டாம் தடவை வேறு கணக்கு. இரண்டும் மோசமான கணக்கு. திருப்பிப் பார்த்தேன். முத்திரை இல்லை, சரிபார்த்த தேதி இல்லை. ஒரே ஆளுக்கு இரண்டு நிமிடத்தில் இரண்டு எடை காட்டுகிற கருவியை என் சர்வீஸில் நான் நம்பியது கிடையாது. கழற்றி வைக்கச் சொன்னேன்.

மதியம் கீழே போனேன். விதிகளை எழுதிய பலகையில் 7(அ) கொஞ்சம் அழிந்திருந்ததைச் சரிசெய்ய. லிஃப்ட் வாசலில் இருந்து வாசல்வரை நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. டியூட்டி முடிந்து ஜெசிந்தா வந்தார். முகமூடி போட்ட இடத்தில் எல்லாம் தழும்பு விழுந்திருந்தது. பத்தடி தள்ளி நின்று என்னையே பார்த்தார்.

"சார், எப்ப இருந்து இப்படி வேர்க்குது?"

"சித்திரை மாசம்மா."

"நெஞ்சு வலிக்குதா?"

"வாயு."

"இடது கை?"

சாக்பீஸால் 7(அ)வை அழுத்தி எழுதினேன். அவர் படிக்கட்டுப் பக்கம் ஓடினார். நான்கு மாடி ஏறி, நான்கு மாடி இறங்கி, மூச்சு வாங்க ஒரு பொட்டலத்தைச் சுவர்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"சார், இதுல மாத்திரை இருக்கு. உடனே மென்னு முழுங்குங்க. நான் ஆம்புலன்ஸ் கூப்பிடுறேன். ஒரு ஈசிஜி எடுத்துப் பாத்துரலாம். ப்ளீஸ் சார்."

"ஆம்புலன்ஸ் எல்லாம் கூப்பிட்டா எனக்குக் கெட்ட கோபம் வரும். நான் சம்சாரத்தோட பேசி முடிவு பண்ணிக்கறேன்."

மேலே வந்து பொட்டலத்தைப் பிரித்தேன். அட்டையில் இருந்து வெட்டிய துண்டு. தயாரித்தவர் பெயர் இல்லை. தேதி இல்லை. நிகர அளவு இல்லை, அதிகபட்ச விலை இல்லை. பொட்டலப் பொருட்கள் விதியின்படி இதை வைத்திருப்பதே குற்றம். முழுங்குவது எப்படி? மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். தேவைப்பட்டால் சான்றாக இருக்கும்.

இரவு 9. வாயு.

18 ஏப்ரல், சனி

காலை. வாயு சற்றுக் குறைவு. படி ஏறாமல் இருந்தால் வலி இல்லை. பேசாமல் இருந்தாலும் வலி இல்லை. ருக்குமணியிடம் பேசுவதை நிறுத்தியிருக்கிறேன்.

2.00. மறுபடி.

2.40. மறுபடி, கூ

18 ஏப்ரல், இரவு

நான் ருக்குமணி எழுதுகிறேன். இவருடைய டைரியை முப்பத்தாறு வருடத்தில் நான் தொட்டதில்லை. இன்று தொட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் குறுக்குக்கோடு போட்டு யாரும் உட்காரக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். எழுதாமல் இருந்தால் நான் அழுதுவிடுவேன்.

மூன்று மணிக்குக் கீழே போனார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. காய்கறி வண்டிக்காரருக்குக் காய்ச்சல் பார்க்கத் துப்பாக்கியை நீட்டியவர் நீட்டியபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். காய்கறிக்காரர் பயந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாராம். பொன்னுரங்கம் கத்தியது எங்கள் மூன்றாவது மாடி வீட்டுக்குக் கேட்டது. நான் இறங்குவதற்குள் ஜெசிந்தா அங்கே இருந்தது. 108க்குப் போன் செய்துவிட்டு, இவர் வாயைத் திறந்து மாத்திரையைப் போட்டு, "மெல்லுங்க சார், மெல்லுங்க" என்று தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. இவர் மென்றுகொண்டே அட்டையைக் காட்டு என்று சைகை செய்தார்.

ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஏறும்போது இவர் கேட்டது மூன்று: கண்ணாடி, ஆதார், டைரி.

முதலில் போன ஆஸ்பத்திரியில் கொரோனா இல்லை என்று எழுதி வாங்கி வந்தால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். அங்கிருந்து இங்கே வந்தோம். இங்கே மூக்கில் குச்சி விட்டு எடுத்துவிட்டு, முடிவு வரும்வரை தனி அறையில் வைத்தே பார்க்கிறோம் என்றார்கள். தலையிலிருந்து கால்வரை பிளாஸ்டிக் போட்டுக்கொண்டு ஒரு டாக்டரம்மா வந்தார். முகம் தெரியவில்லை. குரலை வைத்துச் சின்ன வயசு என்று தெரிந்தது.

"வலி எப்பங்கய்யா ஆரம்பிச்சுது?"

இவர் சொன்னார், "மத்தியானம் ரெண்டு மணிக்கு."

முத்திரை ஆய்வாளர் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. டாக்டரம்மா ஈசிஜி தாளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"இது இன்னிக்கு வந்த மாதிரி இல்லீங்களே. நேரம் சரியாத் தெரிஞ்சாத்தான் என்ன மருந்து குடுக்கறதுன்னு முடிவு பண்ண முடியும். தப்பான நேரத்துல ஊசி போட்டா உயிருக்கே ஆபத்துங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

"ரெண்டு மணி" என்றார் மறுபடி.

எனக்கு வியாழக்கிழமையே தெரியும். ஆனால் எத்தனை மணி என்று தெரியாது, நான் எழும்போதே இவர் நனைந்து கிடந்தார். டைரி என் பையில் இருந்தது. எடுத்துப் பிரித்தேன். இவர் கட்டிலில் இருந்தபடியே, "ருக்கு, அது என்னோடது" என்றார். நான் சத்தமாகப் படித்தேன். பதினாறாம் தேதி, காலை ஆறு பத்து. ஓமத் தண்ணீர் வரைக்கும் படித்தேன். டாக்டரம்மா விரல் விட்டு எண்ணினார். "ஐம்பத்தொம்பது மணி நேரம்" என்றார். பிறகு, "இவ்வளவு சுத்தமா யாரும் எழுதி வெச்சு நான் பாத்ததில்லீங்கம்மா" என்றார்.

"அது வாயுங்க" என்றார் இவர், மூக்கில் ஆக்சிஜனோடு.

ஊசி போட்டுக் கரைக்கும் நேரம் தாண்டிவிட்டதாம். குழாய் விட்டு அடைப்பை எடுக்கக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் இங்கே உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டேன். வாயு என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறார் என்று எண்ணினேன், பாதியில் கண் மறைத்தது. எனக்கு எழுத வராது. ஆனாலும் எழுதுகிறேன், நீங்கள் படிக்க வேண்டும். ஒரு விதிக்காக என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகப் பார்த்தீர்கள். எனக்கு உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது. நல்லபடியாகத் திரும்பி வாருங்கள். வந்தபிறகு வைத்துக்கொள்கிறேன்.

21 ஏப்ரல், செவ்வாய்

மூன்று நாள் எழுதவில்லை. உயிரோடு இருக்கிறேன். கொரோனா இல்லை.

ருக்குமணி எழுதியதைப் படித்தேன். இரண்டாம் தடவை படிக்கத் தைரியம் இல்லை.

டாக்டரம்மா பெயர் யாழினி. இன்று முகமூடிக்கு மேலே கண்ணை மட்டும் பார்த்தேன், தூங்கி நான்கு நாள் ஆன கண். இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, "முப்பத்தாறுங்கய்யா" என்றார்.

"எதுக்கு முப்பத்தாறு?"

"ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ள இருக்கற ரத்தத்துல எவ்வளவை வெளிய தள்ளுதுன்னு ஒரு கணக்கு. நல்ல இதயம்னா அறுபதுக்குப் பக்கத்துல தள்ளும். உங்களோடது முப்பத்தாறு."

"இந்த மிஷினை எப்பங்க சரிபார்த்தது?"

"போன மாசம்."

"சர்டிபிகேட் இருக்குதுங்களா?"

அவர் சிரித்தார். உண்மையாகவே போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். தேதி, முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. இப்படி ஒரு ஒழுங்கான ஆவணத்தைப் பார்த்து நான் வருத்தப்பட்டது இதுவே முதல் தடவை.

"முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"அன்னிக்குக் காலைல வந்திருந்தா ஐம்பதுக்கு மேல காப்பாத்தியிருக்கலாமுங்க. செத்துப்போன தசை திரும்பாது. இருக்கறதைப் பத்திரமா வெச்சுக்குங்க. ஒரு மாசமா இதே கதைதான். கொரோனாவுக்குப் பயந்து வீட்ல உக்காந்துட்டு, நாலு நாள் கழிச்சுத் தூக்கிட்டு வர்றாங்க. சில பேர் வர்றதே இல்லை."

அவர் போன பிறகு ருக்குமணி ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

23 ஏப்ரல், வியாழன்

டிஸ்சார்ஜ். ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. பொன்னுரங்கம் கேட்டைத் திறக்காமல் பலகையின் பக்கத்தில் போய் நின்றான்.

"சாருங்க... ஏழாவது விதிங்க."

"தெரியும்டா. நான்தான் எழுதினேன்."

"பதினாலு நாளுங்க. நீங்கதானுங்க சொன்னீங்க, ஆரு வந்தாலும், கடவுளே வந்தாலும் தொறக்காதேன்னு."

மாடியிலிருந்து நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார். "நான் இருபத்தொண்ணுன்னு சொன்னப்பக் கேட்டிருந்தா இன்னும் ஒரு வாரம் சேந்திருக்கும். பதினாலோட தப்பிச்சீங்க!" என்றார். ருக்குமணி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அவர் துவைத்த துணிக்குப் பின்னால் போய்விட்டார்.

கடைசியில், வளாகச் சுவரை ஒட்டி வெளிப்பக்கம் கதவுள்ள அசோசியேஷன் அறையில் எங்கள் இருவரையும் வைப்பது என்று குழுவில் ஓட்டெடுத்தார்கள். இரண்டு இரும்புக் கட்டில், ஒரு கேரம் போர்டு, சுவர் முழுக்க என் கையெழுத்தில் விதிகள். படுத்தால் நேரெதிரே மூன்றாம் விதி: செருப்பை வரிசையாக விடவும்.

30 ஏப்ரல், வியாழன்

காலையும் மாலையும் ஜெசிந்தா ஜன்னலுக்கு வெளியே நின்று மாத்திரை சாப்பிட்டேனா என்று கேட்கிறார். அட்டையோடு காட்டுகிறார், தேதி தெரிகிற மாதிரி.

"சான்றா பூட்டி வெச்சிருக்கற மாத்திரையைத் தூக்கிப் போட்டுருங்க சார்" என்றார். ருக்குமணி சொல்லியிருக்கிறாள்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் பன்னிரண்டு மணி நேர டியூட்டி முடிந்து நின்றுகொண்டிருந்தார். "அப்புறம் சொல்லுங்க சார், கால் வலிக்குது" என்றுவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போனார். காலடிச் சத்தத்தை எண்ணினேன். நாற்பதாவது படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு ஏறினார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை எழுதாமல் விட முடியாது.

கேரம் போர்டில் ருக்குமணி என்னை நான்கு ஆட்டம் ஜெயித்தாள்.

7 மே, வியாழன்

விடுதலை. லிஃப்டில் ஏறி வீட்டுக்குப் போனேன். ஆறு அடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது. குடியிருப்பவர்கள் கேட்டால், "சின்ன அடைப்பு, எடுத்தாச்சு" என்று சொல்கிறேன். முப்பத்தாறு எங்கள் இருவருக்கும் வெண்ணிலாவுக்கும் மட்டும் தெரியும். செக்ரட்டரிக்கு முப்பத்தாறு என்று தெரிந்தால் யார் மதிப்பார்கள்?

நாளை மாலை பொதுக்கூட்டம் கூட்டியிருக்கிறேன். விதி ஏழும் 7(அ)வும் நீக்கம்.

8 மே, வெள்ளி

கார் நிறுத்தும் இடத்தில் ஆறடிக்கு ஒன்றாக வட்டம் போடச் சொன்னேன். டேப்பை வைத்து நானே அளந்தேன், ருக்குமணி திட்டிக்கொண்டே நாற்காலியை என் பின்னாலேயே நகர்த்தினாள். ஐந்து மணிக்குக் கூட்டம். பதினெட்டு வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். ஜெசிந்தா படிக்கட்டுப் பக்கம் நின்றார்.

தீர்மானத்தைப் படித்தேன். நாச்சிமுத்து உடனே கையை உயர்த்தினார். "எடுக்கக் கூடாதுங்க! விதி இருக்கறதுனாலதான் நாம பதினெட்டு ஊடும் நல்லாருக்கறோம். எடுத்தா நாளைக்கே நோய் லிஃப்ட்ல ஏறி வரும்."

பாதிப்பேர் தலையாட்டினார்கள். ஓட்டுக்கு விட்டால் தோற்றுவிடுவேன் என்று தெரிந்தது. அப்போது ஒன்று கேட்கத் தோன்றியது. "இந்த விதிக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமத் தள்ளிப்போட்டவங்க கை தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. பிறகு முதல் மாடி டீச்சர் தூக்கினார். முகமூடியைக் கொஞ்சம் இறக்கினார், கன்னம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. மூன்று வாரமாகப் பல் வலியாம். அடுத்து மூன்றாம் மாடியில் மருமகளுக்கு ஏழாம் மாத ஸ்கேன் எடுக்காதவர். காலில் ஆணி குத்தி, யூடியூப் பார்த்துத் தானே கட்டுப்போட்டுக்கொண்டவர். சர்க்கரை மாத்திரை தீர்ந்து பக்கத்து வீட்டு மாத்திரையைக் கடன் வாங்கிச் சாப்பிடுகிறவர். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். எண்ணினேன். பதினொன்று.

பதினெட்டில் பதினொன்று. கடைத்தெருவில் பதினெட்டுத் தராசில் பதினொன்று தப்பாக இருந்தால் நான் தெருவையே மூடியிருப்பேன். இவ்வளவு பேரும் வலியை மறைத்துக்கொண்டு என் பலகையைப் படித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"அதெல்லாம் சில்லறை நோவுங்க" என்று நாச்சிமுத்து ஆரம்பித்தார். முடிக்கவில்லை. காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. அவர் சட்டைக் காலர் மட்டும் நனைந்திருந்தது. வலது கையால் இடது தோளைத் தேய்த்தார். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நின்று மூச்சை வாங்கினார். மூன்று நாள் கண்ணாடியில் இதே முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

"நாச்சிமுத்து, உக்காருங்க."

"ஏன், நான் பேசக் கூடாதுங்களா?"

"ஜெசிந்தா!" என்று கத்தினேன். அவர் அதற்குள் பாதி தூரம் வந்துவிட்டார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் மாத்திரை.

"வாயுங்க! இது வாயுங்க!" என்றார் நாச்சிமுத்து. பதினெட்டு வட்டமும் கலைந்துவிட்டது. அவர் சம்சாரம் செல்லம்மா அழ ஆரம்பித்தார்.

இந்தத் தடவை ஆம்புலன்ஸ் இருபது நிமிடத்தில் வந்தது. ஏற்றும்போது ஜெசிந்தா கேட்டார், "எப்ப ஆரம்பிச்சுது?"

"இப்பத்தானுங்க. அஞ்சு நிமிஷம் இருக்கும்."

நான் ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டேன். நிற்க முடியவில்லை, ருக்குமணி பின்னால் தாங்கினாள். எல்லோரும் சுற்றி நின்றார்கள். சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததைச் சொன்னேன்.

"நானும் பொய்தானுங்க சொன்னேன். ரெண்டு மணின்னு. இவ டைரியைத் தொறந்து படிக்காம இருந்திருந்தா அந்தப் பொய்யே என்னை முடிச்சிருக்கும். நீங்க எல்லாரும் சின்ன அடைப்புன்னு நெனச்சுட்டிருக்கறீங்க. சின்னது இல்லீங்க. அறுபது இருக்க வேண்டிய எடத்துல எனக்கு முப்பத்தாறுதான் இருக்குது. மாடிப்படி ஏற முடியாது. குளிச்சா மூச்சு வாங்குது. இது இனிமே வளராது. நெசமான நேரத்தைச் சொல்லுங்க, நாச்சிமுத்து."

அவர் என்னைப் பார்த்தார். செல்லம்மாவைப் பார்த்தார்.

"காலைல பத்தே முக்காலுங்க" என்றார் மெதுவாக. "கூட்டம் முடியட்டும்னு இருந்தனுங்க."

ஜெசிந்தா உள்ளங்கையில் எழுதிக்கொண்டு கூடவே ஏறினார். டியூட்டிக்கு இல்லை, லீவு நாள். வண்டி போனபின் பொன்னுரங்கத்திடம் ஈரத் துணி வாங்கி, பலகையில் ஏழாம் விதியைத் துடைத்தேன். ஓட்டெடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இரவு எட்டு மணிக்குச் செல்லம்மா போன். ஊசி போட்டு அடைப்பு கரைந்துவிட்டது. நேரம் இருந்ததாம்.

12 மே, செவ்வாய்

ஜெசிந்தா காலையில் லிஃப்டில் வந்து மணி அடித்தார். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து காபி குடித்தார். மன்னிப்புக் கேட்டேன், "சரி சார்" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லாதது நியாயம்தான்.

பதினொரு மணிக்கு நாச்சிமுத்து ஆஸ்பத்திரியில் இருந்தே அழைத்தார். குரல் பழையபடி மண்டிக் குரலாக இருந்தது. "ஸ்கேன் பண்ணிட்டாங்க செக்ரட்டரி. ஐம்பத்தொண்ணுங்க!"

"நல்லதுங்க" என்று வைத்துவிட்டேன்.

என்னுடையதைவிடப் பதினைந்து கூடுதல். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. பொறாமைதான் முதலில் வந்தது, மறைக்க விரும்பவில்லை. அவருக்கு ஏழு மணி நேரம், எனக்கு ஐம்பத்தொன்பது. நடுவில் இருப்பது ஓமத் தண்ணீரும் ஒரு பலகையும்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த ருக்குமணியிடம் போய், "நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தொன்று" என்றேன்.

"நல்லா இருக்கட்டுமுங்க" என்றாள். கீரையில் கை ஓடிக்கொண்டே இருந்தது. உங்களுக்கும் அது கிடைத்திருக்குமே என்று அவள் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன், சொல்லவே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பாதிக் கட்டை எடுத்து ஆய ஆரம்பித்தேன்.